நோட்டில் பதினான்கு பேர்

எனக்குப் பிறகு நம் நிலையத்தின் அலுவலகப் பொறுப்பை ஏற்றிருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். சென்ற வாரம் உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சார், பகுதிநேர ஆட்களுக்கு எதற்கு வாராவாரம் பணம் கொடுக்க வேண்டும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் போட்டுவிட்டால் வேலை மிச்சமாகுமே?" நல்ல கேள்விதான். ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். அதனால் என்ன ஆனது என்பதைத் தொலைபேசியில் சொன்னால் பாதிதான் உங்கள் காதில் விழும். எனக்கும் இடது காது முன்போல் இல்லை. எழுதுவதே மேல்.

நம் நிலையத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். பல்லடம் சாலையை ஒட்டிய பதினோரு பனியன் தொழில் கம்பெனிகள் சேர்ந்து ஒரு தீயணைப்பு வண்டியையும் ஓர் ஆம்புலன்சையும் வைத்திருக்கின்றன. ஓட்டுநர் இருவர் மட்டும் நிரந்தரம். மற்றவர்கள் எல்லாம் அந்தக் கம்பெனிகளிலேயே வேலை செய்கிறவர்கள். தையல், அயர்ன், செக்கிங், நிட்டிங் என்று ஆளுக்கொரு வேலை. சைரன் ஒலித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். தீ வண்டிக்குக் குறைந்தது ஐந்து பேர், ஆம்புலன்சுக்கு முதலுதவி தெரிந்தவர் இரண்டு பேர், ஆக ஏழு. அந்த ஏழு பேர் எந்த நேரத்திலும் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பதினான்கு பேரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்திருந்தோம். ஏழுக்குப் பதினான்கு, இரட்டைப் பாதுகாப்பு. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் ஆண்டில் அழைப்புக்கு இவ்வளவு என்று கொடுத்தோம். போய் வந்த அன்றே கையில் காசு. அது நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. வண்டியில் போனவருக்குத்தான் காசு என்பதால், முதலில் கை வைத்தவர் யார் என்று இரண்டு முறை சண்டை. வெட்டுத்துணிக் குப்பை எரிந்தால்கூட யாராவது சைரனை அழுத்திவிடுவார்கள். ஒரு மாதத்தில் ஒன்பது அழைப்பு, அதில் ஆறு குப்பை. அடுத்த மாதம் ஒரு அழைப்பும் இல்லை. எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. தீ எரியவில்லையே என்று தீயணைப்பவர் வருந்தும்படி ஒரு சம்பள முறை இருக்கக் கூடாது என்று கம்பெனிக்காரர்களின் நிர்வாகக் குழுவில் பேசி, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் தயாராக இருப்பதற்கு மாதம் ஆயிரத்து இருநூறு என்று வைத்தோம்.

தொகை முடிவானது. எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது என்பது என் பொறுப்புக்கு வந்தது.

நம் ஆட்களுக்குப் பயிற்சி தந்தவர் அரசுப் பணியில் முப்பத்தோரு ஆண்டு நெருப்போடு நின்றவர். தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்பார், இங்கும் எழுதவில்லை. அவர் சொன்னார்: "சனிக்கிழமை குடுங்க சார். இந்த ஊர்ல எல்லாக் கம்பெனியும் சனிக்கிழமைதான் குடுக்குது. நம்ம மட்டும் எதுக்குத் தனியா?"

நான் சம்பளக் கையெழுத்து நோட்டைத் திறந்து காட்டினேன். வாரம் என்றால் ஆண்டுக்கு எழுநூற்று இருபத்தெட்டு கையெழுத்து. மாதம் என்றால் நூற்று அறுபத்தெட்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் வெறும் இருபத்தெட்டு.

"நல்லா எண்ணுறீங்க சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆறு மாதம் என்றே வைத்தேன். அதோடு நிற்கவில்லை. நம் ஊரில் ஆள் ஒரு கம்பெனியில் நிலையாக இருப்பதில்லை என்பது எல்லோரும் அறிந்தது. பீஸுக்குப் பத்துப் பைசா கூடக் கிடைத்தால் மறுநாள் அடுத்த தெருவில் உட்கார்ந்து தைப்பார்கள். பயிற்சி பெற்றவர்கள் அப்படிப் போய்விடக் கூடாது என்று ஒரு விதி போட்டேன்: ஆறு மாதம் முடியும் முன் விலகுகிறவருக்கு அந்த ஆறு மாதத் தொகை கிடையாது. ஏழாயிரத்து இருநூறு ரூபாய் முழுதாகக் கிடைக்கும் என்றால் யார் போவார்கள்? குழுவின் தலைவர், சாயப்பட்டறை வைத்திருப்பவர், படித்துப் பார்த்து, "கெட்டியான ரூலுங்க சார்" என்றார்.

விதி வேலை செய்தது. இரண்டு ஆண்டுகள் ஒருவர்கூட விலகவில்லை. ஒவ்வொரு மாதமும் என் அறிக்கையில் 'பட்டியலில் பதினான்கு' என்று எழுதுவேன். எழுதும்போது ஒரு நிம்மதி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். எனக்கு நிம்மதி எளிதில் வராது. ஆனால் அந்தப் பதினான்கு என்னைத் தூங்க வைத்தது.

மூன்றாம் ஆண்டு செப்டம்பர் மாதம். பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஒரு ரைசிங் பட்டறையில் தீ. குளிர்காலத் துணிக்கு உள்பக்கம் பஞ்சு போல மயிர் எழுப்புகிற இடம் அது. காற்றெல்லாம் பஞ்சுத் தூசி; ஒரு பொறி போதும். சைரனை அழுத்திவிட்டு நோட்டோடு வாசலில் நின்றேன். ஐந்து பேர் சேரும்வரை, அதிகபட்சம் நான்கு நிமிடம் வண்டி காத்திருக்கலாம் என்பது விதி. அதுவும் நான் போட்டதுதான்.

முதலில் வந்தவர் அன்வர். ஓவர்லாக் டெய்லர், கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே தொங்கியது. அடுத்து பிகாஷ், ஒடிசாக்காரர், நிட்டிங் ஆபரேட்டர். பிறகு செக்கிங் பிரிவிலிருந்து தனலட்சுமி, முதலுதவிப் பையோடு நேராக ஆம்புலன்சில் ஏறிவிட்டார். மூன்று பேர். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். தெருவைப் பார்த்தேன். ஒரு டெம்போ போனது, ஒரு மாடு போனது.

பம்ப்பை இயக்குபவர் முத்துப்பாண்டி. தேனிப் பக்கத்துக்காரர், அயர்ன் மாஸ்டர். அவர் இல்லாமல் வண்டி போனால் அது வெறும் தண்ணீர் லாரி. கைப்பேசியில் அழைத்தேன்.

"முத்துப்பாண்டி, எங்கே இருக்கீங்க? சைரன் கேட்கலையா?"

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"எங்கேன்னு கேட்கிறேன்!"

"மடத்துக்குளம் சார்."

"அவ்வளவு தூரத்தில், மடத்துக்குளத்தில் என்ன வேலை?"

"இங்கதான் சார் வேல. பேப்பர் மில்லுல. ஒரு மாசமா."

நான்கு நிமிடம் முடிந்துவிட்டது. இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து பேர் இல்லாமல் வண்டியை அனுப்பக் கூடாது. அரசு வண்டிக்கும் தகவல் சொல்லியாயிற்று. அது வேறோர் இடத்தில் வேலையாக இருந்தது, வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். இன்னும் இரண்டு நிமிடம் நின்றால் இன்னும் இரண்டு பேர் வரலாம், வராமலும் போகலாம். நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதில் பதினான்கு பெயர் இருக்கிறது. அந்தப் பதினான்கு என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

"சார், ஏறுங்க!" என்று அன்வர் கத்தினார். அறுபத்தொரு வயதில் வண்டியில் ஏறினேன். இணைப்பை மட்டும் துண்டிக்கவில்லை; கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பட்டறை வாசலில் ஏழு பேர் நின்றார்கள். அன்றைய ஷிப்டில் எட்டுப் பேர் என்றார் சூப்பர்வைசர். நான் இரண்டு முறை எண்ணினேன். ஏழுதான். துணி மடிக்கும் அம்மாள் ஒருவர் பின்பக்கம் கழிவறைக்குப் போனவர் வரவில்லை என்றார்கள்.

பிகாஷ் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார். ஓட்டுநர் பம்ப்பைப் போட்டார். இரைந்தது, தண்ணீர் வரவில்லை. "தண்ணி வரலே சார், தண்ணி வரலே!" என்று பிகாஷ் அங்கிருந்து கூவினார். ஓட்டுநருக்கு வண்டி ஓட்டத் தெரியும், இது தெரியாது. எனக்கு அதன் விலை தெரியும்.

கைப்பேசிக்குள் முத்துப்பாண்டியைத் திட்டத் தொடங்கினேன்.

"சார், திட்டுறத அப்புறமா திட்டுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு டிரைவர் அண்ணன் கிட்டக்க குடுங்க" என்றார் அவர். "அண்ணே, சத்தம் எப்படிக் கேக்குது, உர்ருனா, கிர்ருனா? சரி, அமத்துங்க. வலது பக்கம் கீழ குனிஞ்சு பாருங்க. சின்ன லீவர் ஒண்ணுல செகப்புப் பனியன் துணி கட்டிருப்பேன்."

"அஞ்சாறு லீவர் இருக்குதப்பா!"

"செகப்பு, செகப்பு. நாந்தேன் கட்டுனேன். அத முழுசா மேல தூக்கிட்டு இருவது எண்ணுங்க, உள்ள இருக்குற காத்து போகணும். அவசரப்பட்டு விட்றாதீங்க."

இதற்குள் அன்வர் தன் சட்டையை வாளித் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டிருந்தார். "தண்ணி வரட்டும் அன்வர்" என்றேன்.

"தண்ணி வர்ற வரைக்கும் அந்தம்மாவுக்கு மூச்சு இருக்குமாங்க சார்?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. பக்கவாட்டு வழியாகப் பின்பக்கம் ஓடினார்.

ஒன்று, இரண்டு என்று இருபது வரை நான்தான் எண்ணினேன். வாழ்நாளில் எத்தனையோ எண்ணியிருக்கிறேன். அந்த இருபதைப் போல ஒன்று இல்லை. பதினேழில் குழாய் புடைத்தது. இருபதில் தண்ணீர் சீறியது. நாங்கள் வந்து சேர்ந்து பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. தெரிந்த கை இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அன்வர் அந்த அம்மாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மாளுக்கு இருமல்தான், தனலட்சுமி ஆக்சிஜன் வைத்ததும் முகம் தெளிந்தது. அன்வருக்கு வலது உள்ளங்கை வெந்திருந்தது. பின்பக்க இரும்புக் கதவு பழுக்கக் காய்ந்திருக்கிறது. அதைக் கையால் தள்ளியிருக்கிறார். வழக்கமாக ஒருவர் தண்ணீர் அடித்துக் கதவைக் குளிர வைப்பார், ஒருவர் கம்பியால் நெம்புவார். அன்று அந்த ஒருவரும் இல்லை, இந்த ஒருவரும் இல்லை. அன்வர் தைத்துப் பிழைக்கிறவர். துணியை ஊசிக்குள் நடத்திச் செலுத்துவது அந்தக் கைதான்.

அரசு வண்டி வந்து மீதி வேலையை முடித்தது. மருத்துவமனை வராந்தாவில் தனலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டு அப்போதும் கையில் இருந்தது.

"முத்துப்பாண்டி போனது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவரு மட்டுமாங்க சார்? அஞ்சு பேரு போயி மாசக்கணக்காச்சுங்க."

"யாருமே என்னிடம் சொல்லவில்லையே!"

"ஊருக்கே தெரியுமுங்க. உங்க நோட்டுக்கு மட்டுந்தானுங்க தெரியாது." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "அதெப்படிங்க சொல்லுவாங்க? சொன்னா அன்னியோட ஆறு மாசக் காசு போச்சு. சொல்லாமிருந்தா இந்த மாசக் கடைசில பேங்க்குல உளுந்துரும். நீங்களே சொல்லுங்க, எதுங்க லாபம்?"

அடுத்த இரண்டு நாள் என் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனேன். வராத பதினோரு பேர். ஐந்து பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அதில் ஒருவர் சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார், என்னைக் கண்டதும் தறியை நிறுத்திவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார், கோபிக்கவே விடவில்லை. ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டு, ஐந்து வாரமாக. இரண்டு பேர் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கியிருந்தார்கள். இரண்டு பேரை லைன் சூப்பர்வைசர் விடவில்லை. ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஐந்தும் ஒன்றும் இரண்டும் இரண்டும் ஒன்றும் பதினொன்று. கணக்கு சரியாக வந்தது. கணக்கு சரியாக வந்து எனக்கு ஆத்திரம் வந்தது அந்த ஒரு முறைதான்.

கால் கட்டுப் போட்டவரிடம் கேட்டேன், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பேரை அடிச்சுப் போட்டீங்கன்னா என்னங்க சார் பண்றது? மருந்துக் கடைல ஏற்கனவே சொல்லி வச்சிருக்கேனுங்க, மாசக் கடைசில தர்றேன்னு" என்றார்.

ஆட்கள் நிலையாக இருக்க வேண்டும் என்று நான் போட்ட விதி, போனவர்கள் போனதைச் சொல்லாமல் இருக்கக் கூலி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. உண்மைக்கு ஏழாயிரத்து இருநூறு அபராதம் போட்டவன் நான்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன் முத்துப்பாண்டி வந்தார். பேருந்தில் பல்லடம் வந்து, முதலில் அன்வர் வீட்டுக்குப் போய்விட்டு, அதன்பின் நிலையத்துக்கு வந்தார். உள்ளே வராமல் வண்டியின் அருகில் நின்று அந்தச் சிவப்புத் துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். நான் கூப்பிட்ட பிறகே வந்தார்.

"காசு கேக்க வரல சார். அன்வர் கையப் பாத்துட்டு வந்தேன். பொய் சொல்லி வாங்கணும்னு நெனைக்கல. பேசாம இருந்தாக் கெடைக்கும்னு இருந்துட்டேன். மாமனாருக்கு முடியாமப் போச்சு, வீட்டுக்காரி அவ ஊரு மடத்துக்குளத்துக்கே போயிரலாம்னா. ஏழாயிரத்த விட மனசில்ல."

விதிப்படி அவருக்கு ஒரு பைசா கிடையாது. தலைவரும் அதைத்தான் சொல்லியிருந்தார்: "ரூலுன்னா ரூலுங்க சார். நீங்க போட்டதுதானுங்களே." முத்துப்பாண்டியை உட்காரச் சொல்லிவிட்டுக் கணக்குப் போட்டேன். ஏப்ரல் ஒன்று முதல் ஆகஸ்ட் ஆறு வரை வேலைக்கு வந்திருக்கிறார். நான்கு மாதம் ஆறு நாள். ஐயாயிரத்து நாற்பது. வவுச்சர் எழுதி, ஒப்புதல் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டு, தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"குழுவைக் கேக்காம எப்படிங்க சார்?"

"விதியை எடுத்துவிடலாம் என்று கேட்கப் போகிறேன். குழு மறுத்தால் இந்தத் தொகையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்."

"எதுக்குங்க சார் அப்படியெல்லாம்? குடுங்க, குடுங்க. அன்னிக்குப் போன்ல அவன் இல்லீன்னா பட்டறை மொத்தமும் போயிருக்குமுங்க" என்றார்.

முத்துப்பாண்டி பணத்தை எண்ணவில்லை. எண்ணச் சொன்னேன். எண்ணிய பிறகு, போவதற்கு முன், நம் ஆட்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு மாலைவரை பம்ப்பைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினார். இன்று அதை இயக்கத் தெரிந்தவர் நான்கு பேர் இருக்கிறார்களே, அது அந்த மாலையில் தொடங்கியது.

குழுவில் விதி நீங்கியது. அன்வருக்கு மருத்துவச் செலவும், கை ஆறும்வரை தையல் கூலியும் தருவதாக முடிவானது. வாரச் சம்பளம் என்று நான் சொன்னதும் தலைவர் சிரித்தார். மாதம் ஆயிரத்து இருநூறை வாரமாக்கினால் இருநூற்று எழுபத்தாறு ரூபாய் தொண்ணூற்று இரண்டு பைசா வருகிறது. இருநூற்று எண்பது என்று முழுமையாக்கினோம். ஆளுக்கு ஆண்டுக்கு நூற்று அறுபது ரூபாய் கூடுதல். அதற்கும் ஒப்புக்கொண்டார்கள். பணம் வங்கிக்குப் போகலாம். ஆனால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிலையத்துக்கு நேரில் வந்து, அடுத்த வாரம் இருக்கிறேன் அல்லது இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட வேண்டும். இல்லை என்றால் அந்த வாரத்துக்கு மட்டும் பணமில்லை. உழைத்த வாரத்தின் பணத்தை யாரும் தொட முடியாது.

முதல் சனிக்கிழமை. போன ஐந்து பேர் நீங்கலாக நோட்டில் ஒன்பது பெயர். மேசை போட்டு ஐந்தரைக்கே உட்கார்ந்துவிட்டேன். தனலட்சுமி முதலில் வந்தார். "சாரு எத்தன மணிக்குங்க வந்தீங்க, மத்தியானமேவா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிகாஷ் ஒடியாவில் போட்டார். கால் கட்டுக்காரரை யாரோ மொபெட்டில் ஏற்றி வந்தார்கள்; "எனக்கு இன்னும் மூணு வாரம் இல்லைன்னு எழுதிக்குங்க சார்" என்று இறங்காமலேயே சொன்னார்.

அன்வர் கடைசியாக வந்தார். வலது கையில் கட்டு. தீப்பிடித்த நாள்வரை சேர்ந்திருந்த தொகைக்கு இடது கையால் கையெழுத்துப் போட்டார். அது கோடுகளாகத்தான் வந்தது.

"மாதிரிக் கையெழுத்தோட ஒத்து வருதான்னு பாத்துக்குங்க சார். அப்புறம் ராத்திரி தூக்கம் வராது உங்களுக்கு."

"அடுத்த வாரம்?" என்று கேட்டேன். சும்மாவாவது பெயரை எழுதி வைத்துவிடலாம் என்று பேனாவை எடுத்திருந்தேன். அந்த மனிதருக்கு இருநூற்று எண்பது கொடுக்க எந்தக் குழு மறுக்கும்?

"என்னைச் சேக்காதீங்க சார்."

"பணம் கிடைக்காதே அன்வர்."

"கெடைக்காட்டிப் போகுதுங்க. ஆறு மாசமா போகுது, ஒரு வாரந்தானுங்களே. கை பிடிக்காதுங்க. குழாயைப் புடிச்சு நடுவுல விட்டுட்டேன்னா கூட நிக்கிறவனுக்குத்தானுங்க ஆபத்து. என்னை நம்பி யாரும் உள்ள போயிரக் கூடாதுங்க."

பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். கால் கட்டுக்காரர் ஒருவர், அன்வர் ஒருவர். ஒன்பதில் இரண்டு போக ஏழு. வண்டிக்கு ஐந்து, ஆம்புலன்சுக்கு இரண்டு. இரட்டைப் பாதுகாப்பு இல்லை, உபரியாக ஒருவர்கூட இல்லை. இரண்டு ஆண்டாகப் பதினான்கு என்று எழுதி நிம்மதியாகத் தூங்கியவன், அன்று ஏழு என்று எழுதிவிட்டு, அந்த ஏழு பேரின் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் புது ஆள் தேடக் கிளம்பினேன்.